டானிக் குடித்தும் ஏறாத ரத்தம்: கல்லீரல் கிளைகோஜன் நோய்களும் இரும்புச்சத்தும்

ஹீமோகுளோபின் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் நம் வீடுகளில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பேரீச்சம்பழம் வரும், மாதுளை வரும், வெல்லம் போட்ட எள்ளுருண்டை வரும். கறிக்கடையில் சொல்லிவைத்து சுவரொட்டி வாங்கி வருவார்கள். மருந்துக்கடையிலிருந்து ஒரு இரும்பு டானிக் பாட்டிலும் வந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பிறவியிலேயே கல்லீரல் கிளைகோஜன் நோய் உள்ள குழந்தைக்கு, அதிலும் முதல் வகை நோய் உள்ள குழந்தைக்கு, இவற்றில் பெரும்பாலானவை ஆகாது. போதாக்குறைக்கு, இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் ரத்தம் ஏறாது. உடம்பில் இரும்பு இருந்தும் ஏறாது.

இது ஏன் என்று புரிய, கல்லீரல் செய்கிற இரண்டு வேலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரையைச் சேமித்துத் திருப்பித் தருவது ஒன்று. உடம்பின் இரும்புக் கணக்கை மேற்பார்ப்பது இன்னொன்று. முதல் வேலை கெட்டுப்போன கல்லீரல், காலப்போக்கில் இரண்டாவது வேலையிலும் குளறுபடி செய்யலாம்.

சர்க்கரைப் பக்கம்

சாப்பிட்டதும் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைகோஜனாக மாற்றி வைத்துக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்கு இருக்கும். இரவு தூங்கும்போதும் சாப்பாடு தள்ளிப்போகும்போதும் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. சேமிக்கவும் பிரிக்கவும் பல நொதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் வருவதுதான் கிளைகோஜன் சேமிப்பு நோய். எந்த நொதி என்பதைப் பொறுத்து எண் போட்டு வகை பிரித்திருக்கிறார்கள். கல்லீரலைப் பாதிப்பவற்றில் 1, 3, 6, 9 ஆகிய வகைகளின் பெயர்தான் அடிக்கடி காதில் விழும். ரத்தசோகையைப் பொறுத்தவரை அதிகம் பேச வேண்டியது முதல் வகையைப் பற்றித்தான்.

இந்த முதல் வகையை 1929-ல் எட்கர் ஃபான் கீர்க்கெ என்ற ஜெர்மன் நோயியல் மருத்துவர் விவரித்தார். அதனால் அவர் பெயரிலும் இந்த நோயைச் சொல்வார்கள். 1952-ல் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி, இந்தக் கல்லீரல்களில் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கிளைகோஜனிலிருந்து வந்தாலும் சரி, புரதத்திலிருந்து புதிதாகத் தயாரித்தாலும் சரி, குளுக்கோஸ் கல்லீரலை விட்டு வெளியேறும் முன் கடக்க வேண்டிய கடைசிக் கட்டம் இந்த நொதியுடையது. அது இல்லையென்றால் கல்லீரலில் எவ்வளவு இருந்தாலும் ரத்தத்துக்கு வராது. நொதியே பழுதானால் 1ஏ. நொதி நன்றாக இருந்து, அது வேலை செய்யும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் புரதம் பழுதானால் 1பி. பத்தில் எட்டுப் பேருக்கு 1ஏ.

சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் இந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். சில நேரம் வலிப்பு வரும். வயிறு பெருத்து, கன்னம் உப்பி, உயரம் குறைந்து இருப்பார்கள். ரத்தத்தில் லாக்டிக் அமிலம், யூரிக் அமிலம், கொழுப்பு எல்லாம் கூடியிருக்கும். ஏறத்தாழ லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வரும் அரிய நோய் இது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

1984-ல் ஒரு எளிய வைத்தியம் வந்தது: வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. அது மெதுவாகச் செரித்து, மணிக்கணக்கில் குளுக்கோஸ் விட்டுக்கொண்டே இருக்கும். நம் மளிகைக் கடையில் கார்ன்ஃபிளவர் என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை மாவுதான் இது. மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு. காய்ச்சிவிட்டால் பயன் போய்விடும், பச்சையாகத்தான் கலக்க வேண்டும். எடைக்கு ஏற்றபடி அளந்து, பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கூடவே சாதாரணச் சர்க்கரை, வெல்லம், தேன், பழம் ஆகியவற்றுக்குத் தடை. பாலுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஃபிரக்டோஸும் காலக்டோஸும் இந்தக் கல்லீரலில் குளுக்கோஸாக வெளியேற முடியாமல் லாக்டிக் அமிலமாகவும் கொழுப்பாகவும் மாறிவிடும் என்பதே காரணம்.

இரும்புப் பக்கம்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினில். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோபேஜ் என்ற செல்கள் விழுங்கி, உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்து ரத்தத்துக்குத் திருப்பித் தருகின்றன. புது அணுக்களை உண்டாக்க எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வதோ வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஆக, நம் ரத்தம் ஓடுவது பழைய இரும்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால். சாப்பாட்டு இரும்பு வெறும் ஈடுகட்டல். ரத்தசோகை என்றதும் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று. கூடுதலான இரும்பைச் சிறுநீரிலோ மலத்திலோ வெளியேற்ற உடம்பில் வழி கிடையாது. அதனால் கட்டுப்பாடு எல்லாம் உள்ளே விடும் இடத்தில்தான். குடல் செல்லிலிருந்தும் மேக்ரோபேஜிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வர ஒரே ஒரு வாசல் உண்டு. அது ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். அந்த வாசலுக்குப் பூட்டுப் போடுவது ஹெப்சிடின். 25 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தச் சின்ன ஹார்மோனைச் சுரப்பது கல்லீரல். ஹெப்சிடின் கூடினால் ஃபெரோபோர்ட்டின் செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழிந்துபோகும். குடலில் உறிஞ்சிய இரும்பு அங்கேயே தங்கும், மேக்ரோபேஜில் இருப்பது அங்கேயே அடைபடும். குடோனில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருந்து, கடையில் இல்லை என்று கைவிரிப்பது போன்ற நிலை.

ஆரோக்கியமான கல்லீரல் இதை அளவாகச் செய்கிறது. இரும்பு போதுமானால் ஹெப்சிடினைக் கூட்டும், ரத்தம் குறைந்தால் குறைக்கும். கிருமி தொற்றினாலும் கூட்டும், ஏனென்றால் கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும். தொற்று சில நாளில் போய்விட்டால் சரி. அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் வாசலும் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். முடக்குவாதம், காசநோய் போன்ற நீண்ட நோய்களில் வரும் ரத்தசோகைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கட்டி கொடுத்த விடை

ஹெப்சிடினைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு, கிளைகோஜன் நோயாளிகளால்தான் தெரியவந்தது.

1ஏ நோயாளிகள் பலருக்குப் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ கல்லீரலில் அடினோமா என்ற கட்டிகள் வரும். இவை புற்றுநோய் அல்ல. ஆனால் வெடித்து ரத்தம் கசியலாம், சில நேரம் புற்றாகவும் மாறலாம். பாஸ்டனில் டேவிட் வைன்ஸ்டீன், நான்சி ஆண்ட்ரூஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பெரிய அடினோமா உள்ள சிலருக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது, இரும்பு கொடுத்தும் தேறவில்லை. ஆனால் அறுவைசிகிச்சையில் கட்டியை எடுத்ததும், அல்லது கல்லீரலையே மாற்றியதும், ரத்தசோகை தானாகச் சரியானது. அப்படியானால் இரும்பைத் தடுத்தது கட்டிதான்.

எடுத்த கட்டிகளைச் சோதித்தபோது, ஹெப்சிடினைத் தயாரிக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ. அவற்றில் அளவுக்கு மீறி இருந்தது. ரத்தசோகை இருக்கும்போது ஹெப்சிடின் குறைய வேண்டும். இந்தக் கட்டிகளோ எதிர்மாறாக நடந்தன. அடினோமா என்பதும் கல்லீரல் செல்களால் ஆனதுதான். அதனால் ஹெப்சிடின் சுரக்க அதற்குத் தெரியும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைக்கு மட்டும் அது பணியவில்லை. இந்த முடிவு 2002-ல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸ் ஆய்வாளர்கள், ஹெப்சிடின் இல்லாத எலிகளின் உடம்பில் இரும்பு குவிகிறது என்று காட்டியிருந்தார்கள். ஹெப்சிடின் ஃபெரோபோர்ட்டினைப் பிடித்து அழிக்கும் விதம் 2004-ல்தான் தெளிவானது. நடுவில் இந்த அரிய நோயாளிகள், மனித உடம்பில் ஹெப்சிடின் மிகுந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டிவிட்டார்கள். நாள்பட்ட நோய்களில் வரும் ரத்தசோகைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று அந்த மருத்துவர்கள் அப்போதே ஊகித்தார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. அதுவரை நன்றாக இருந்த 1ஏ பிள்ளைக்குப் பதின்பருவத்தில் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வந்தால், டானிக்கை மாற்றிப் பார்ப்பதற்கு முன் கல்லீரலை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். திடீர் வயிற்றுவலியோடு ரத்தம் சட்டென்று குறைந்தால் அது அவசரம், கட்டிக்குள் ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அடினோமா உள்ள எல்லோருக்கும் இந்த ரத்தசோகை வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1பி-யின் வேறு வழி

1பி நோயாளிகளுக்கு ரத்தசோகை 1ஏ-வைவிட அதிகமாக வருகிறது, வரும் வழியும் வேறு. இவர்களுக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, வேலையிலும் மந்தம். அதனால் வாயில் புண், அடிக்கடி தொற்று, கிரோன் என்ற நாள்பட்ட குடல் நோயைப் போன்ற அழற்சி. அழற்சி இருந்தால் ஹெப்சிடின் கூடும் என்று மேலே பார்த்தோம். குடல் புண்ணிலிருந்து ரத்தம் கசிவதால் இரும்பு இழப்பும் உண்டு. புண்ணான குடல் உறிஞ்சுவதும் குறைவு. ஆக, இழப்பும் பூட்டும் ஒன்றாக நடக்கின்றன. வெள்ளையணுக்களைக் கூட்ட ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள். அது மண்ணீரலைப் பெரிதாக்கினால், பெருத்த மண்ணீரல் ரத்த அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவும் சேர்ந்துகொள்ளும்.

நியூட்ரோஃபில் ஏன் கெடுகிறது என்பது வெகுகாலம் புரியாமல் இருந்தது. 2019-ல் பெல்ஜியத்தில் மரியா வெய்கா-டா-குன்யா, எமில் ஃபான் ஷாஃப்டிங்கன் ஆகியோரின் குழு விடை சொன்னது. நம் சாப்பாட்டில் சிறிதளவு உள்ள 1,5-அன்ஹைட்ரோகுளூசிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள், இந்த அணுக்களுக்குள் நச்சாக மாறித் தேங்குகிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை அந்தப் பொருளைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். 2020-ல் அதை 1பி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் அனுபவங்கள் வெளிவந்தன. வாய்ப்புண் ஆறியது, குடல் அழற்சி தணிந்தது, ஜி-சி.எஸ்.எஃப். ஊசியைப் பலர் குறைக்கவோ நிறுத்தவோ முடிந்தது. அழற்சி தணிந்தவர்களில் பலருக்கு ஹீமோகுளோபினும் ஏறியது. என்னைக் கேட்டால், கடந்த பல ஆண்டுகளில் இந்த நோய்க் குடும்பத்தில் நடந்த நல்ல காரியங்களில் இது முதல் வரிசையில் வரும். சர்க்கரை இறங்கும் அபாயம் உள்ள நோயாளிக்கு நீரிழிவு மருந்து என்பதால், நிபுணர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது.

சாதாரணக் காரணங்கள்

ஹெப்சிடினைப் பற்றிப் பேசிவிட்டு, கண்முன் இருக்கும் காரணங்களை விட்டுவிடக் கூடாது. பழமும் பாலும் விலக்கிய, அளந்து கொடுக்கும் கார்ன்ஃபிளவரால் வயிறு நிறைந்த குழந்தை மற்ற உணவைக் குறைவாகத்தான் சாப்பிடும். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாமே குறையலாம். முதல் வகையில் பிளேட்லெட்டுகள் சரியாக ஒட்டாததால் மூக்கில் ரத்தம் வடிவது சகஜம். வயதுக்கு வந்த பெண்களுக்கு மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருக்கலாம். அதை நிறுத்த ஹார்மோன் மாத்திரை எழுதும் மருத்துவரிடம் இந்த நோயைச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் அடினோமாவை வளர்க்கும் என்பதால் முதல் வகையில் அதைத் தவிர்ப்பார்கள். வயது ஏற ஏறச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் குறைந்தால் மஜ்ஜை போதிய அணுக்களை உண்டாக்காது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

சிவப்பணுவின் அளவு இரும்பு குறைந்தாலும் சின்னதாகும், பூட்டிக் கிடந்தாலும் சின்னதாகலாம். அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் சேமிப்பைக் காட்டும், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு ரத்தத்தில் புழங்கும் இரும்பைக் காட்டும். இரண்டும் குறைவென்றால் உண்மையான இரும்புப் பற்றாக்குறை. புழக்கம் குறைவாக இருந்து ஃபெரிட்டின் சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருந்தால், இரும்பு உள்ளே அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் கல்லீரல் நோயிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் தானாகவே கூடும். அதனால் உண்மையான பற்றாக்குறையும் அதன் பின்னால் மறைந்திருக்கலாம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், பிறகு ஃபோலிக் அமிலம், பி12, கல்லீரல் ஸ்கேன் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். ஹெப்சிடினையே அளக்கும் சோதனை ஊரிலுள்ள சாதாரண லேப்களில் கிடைக்காது.

வைத்தியமும் இந்த விடையைப் பொறுத்ததுதான். வெறும் பற்றாக்குறை என்றால் வாய்வழி இரும்பு போதும். பூட்டு விழுந்திருந்தால் வாய்வழி இரும்பு குடல் வாசலிலேயே நிற்கும். நரம்பில் ஏற்றும் இரும்பு குடலைத் தாண்டிவிடும், ஆனால் அதையும் முதலில் மேக்ரோபேஜ்தான் விழுங்குகிறது. அங்கிருந்து வெளியே வர அதே ஃபெரோபோர்ட்டின்தான் வேண்டும். அதனால் பலன் அரைகுறையாக இருக்கலாம். உண்மையான தீர்வு மூலத்தில்: கட்டியை எடுப்பது, அழற்சியைத் தணிப்பது, சிறுநீரகக் கோளாறென்றால் எரித்ரோபொயட்டின். இதற்கெல்லாம் அடித்தளமாக, சர்க்கரையையும் லாக்டிக் அமிலத்தையும் கட்டுக்குள் வைப்பது. உணவுக் கட்டுப்பாடு சீரானபோது சிலருக்கு அடினோமா சுருங்கியதும் உண்டு. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி மேல் ஊசியாக இரும்பு ஏற்றினால் என்ன? வெளியேற்ற வழி இல்லாத உடம்பில் அது தங்கிவிடும், தங்குவதும் பெரும்பாலும் ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலில்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இரும்பு தேவை என்று மருத்துவரே சொன்னாலும் டானிக் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல டானிக்குகளில் இனிப்புக்காகச் சர்க்கரையோ சார்பிட்டாலோ சேர்த்திருப்பார்கள். சார்பிட்டால் உடம்பில் ஃபிரக்டோஸாக மாறும், முதல் வகைக் குழந்தைக்கு அது ஆகாது. "சுகர் ஃப்ரீ" என்று போட்ட பாட்டிலிலும் சார்பிட்டால் இருக்கலாம், ஆகவே அந்த வார்த்தையை நம்பி வாங்க வேண்டாம். மாத்திரையோ இனிப்பில்லாத சொட்டு மருந்தோ உண்டா என்று கேளுங்கள்.

பேரீச்சம்பழம், உலர்திராட்சை, வெல்லம், மாதுளை ஆகியவற்றை உறவினர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். முருங்கைக்கீரை, பயறு வகை, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை உணவியல் நிபுணர் தரும் அளவுக்குள் கொடுக்கலாம். சுவரொட்டியிலும் ஈரலிலும் இரும்பு அதிகம்தான், ஆனால் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரினும் அதிகம். யூரிக் அமிலம் ஏற்கெனவே கூடியிருக்கும் பிள்ளைக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரும்புச் சோதனைக்குப் பல லேப்களில் "காலையில் வெறும் வயிற்றில் வாங்க" என்பார்கள். இந்தப் பிள்ளைகளை அப்படிக் கூட்டிப்போகக் கூடாது. கார்ன்ஃபிளவர் நேரம் எதுவோ அதுபடி கொடுத்துவிட்டு, எப்போது கொடுத்தோம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். எண்டோஸ்கோப்பி, அறுவைசிகிச்சை என்று பட்டினி தவிர்க்க முடியாத நேரங்களில் குளுக்கோஸ் டிரிப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வகை நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட் பாட்டில் மாட்டக்கூடாது. அவர்களிடம் ஏற்கெனவே லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது. இரவு நேர அவசரப் பிரிவில் இதை நினைவில் வைத்திருக்கும் மருத்துவர் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது. நோயின் பெயரையும் கொடுக்கக்கூடாதவற்றையும் எழுதி, சிகிச்சை தரும் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, பையில் எப்போதும் வைத்திருங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையைப் பிள்ளை சாப்பிடலாமா என்பதையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொண்டால், ஆசிரியருக்கும் குழப்பம் இருக்காது.